போர் தண்ணீர், வயல் மண், அடிபம்பு: காவிரி டெல்டாவில் ஒன்றை ஒன்று கெடுப்பதைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

நட்டுப் பத்து நாள் ஆகியும் பயிர் பச்சை கட்டவில்லை, இலை நுனி காய்கிறது, வயலில் அங்கங்கே திட்டுத் திட்டாகச் சொட்டை விழுகிறது. இதைப் பார்த்ததும் கடைக்குப் போய் யூரியா வாங்குவது, அடுத்து ஜிங்க், அதற்கும் அடுத்து ஏதோ ஒரு மருந்து என்று போவதுதான் வழக்கம். தண்ணீர் மேல் சந்தேகம் வருவதற்குள் சம்பாவில் பாதி நாள் ஓடிவிடுகிறது. அப்படியே சந்தேகம் வந்தாலும் தண்ணீரை மட்டும் சோதிப்பார்கள், அல்லது மண்ணை மட்டும் சோதிப்பார்கள். ஒரு தாளை வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும்.

காரணம் எளியது. உப்பு தானாக நடந்து வராது. தண்ணீர்தான் அதை வயலுக்குச் சுமந்து வருகிறது, தண்ணீர்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். வடியாத வயலில் வந்த உப்பு தங்கிவிடும். வடிகிற வயலில் உப்பு வெளியேறும். கூடவே யூரியாவும் மருந்தும் வெளியேறி யாரோ ஒருவருடைய குளத்துக்கோ அடிபம்புக்கோ போய்ச் சேரும். இந்த இரண்டு பாதையையும் சேர்த்துப் பார்த்துத்தான் கீழே உள்ள முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன.

மாதிரி எடுப்பது: பாதிப் பிழை இங்கேயே நடக்கிறது

நல்ல காலம் மே மாதம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பு ஆற்றுத் தண்ணீர் இருக்காது. போர் தண்ணீரில் உப்பு உச்சத்தில் இருக்கும். வயலில் ஏறிய உப்பு மேல் மண்ணில் நிற்கும். மழை முடிந்த ஜனவரியில் எடுத்த மாதிரி எல்லாமே நன்றாக இருப்பதாகப் பொய் சொல்லும்.

தண்ணீருக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, கழுத்துவரை காற்று இல்லாமல் நிரப்பி மூடுங்கள். காற்று இடைவெளி இருந்தால் தண்ணீரில் கரைந்த கரியமில வாயு பிரியும், சுண்ணாம்பு அடியில் படியும், பைகார்பனேட் அளவு மாறிவிடும். டெல்டா தண்ணீரில் நாம் முக்கியமாகத் தேடுவதே அந்த பைகார்பனேட்டைத்தான். 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள். நைட்ரேட்டும் பார்க்க வேண்டுமானால் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

மண்ணுக்கு ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில், ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழக் குழி வெட்டி, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர் பாகங்களைக் கழித்துக்கொண்டே வந்து அரை கிலோவில் நிறுத்துங்கள். நிழலில் உலர்த்துங்கள். வரப்பு ஓரம், மர நிழல், எரு கொட்டிய இடம், மடை வாய் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சொட்டை விழுந்த திட்டும் நல்ல திட்டும் ஒரே பையில் சேரக் கூடாது. இரண்டையும் கலந்தால் வருவது சராசரி. அந்தச் சராசரி உங்கள் வயலில் எந்த இடத்திலும் இருக்காது. திட்டு விழுந்த இடத்தில் மட்டும் 15 முதல் 30 செ.மீ. வரை இரண்டாவது அடுக்கையும் தனியாக எடுங்கள். உப்பு மேலிருந்து வந்ததா, கீழிருந்து ஏறுகிறதா என்பதை அந்த இரண்டாவது பைதான் சொல்லும்.

தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்களும் உண்டு. எங்கே கொடுத்தாலும் என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வழக்கமான மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்து இருக்கும், சோடியம் இருக்காது. மண்ணுக்கு: கார அமில நிலை, மின்கடத்துத்திறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), மண்ணோடு ஒட்டிய சோடியத்தின் சதவீதம், ஜிப்சம் தேவை. தண்ணீருக்கு: மின்கடத்துத்திறன், கால்சியம், மக்னீசியம், சோடியம், கார்பனேட், பைகார்பனேட், குளோரைடு, இவற்றிலிருந்து கணக்கிடும் எஸ்.ஏ.ஆர். (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்ட சோடியத்தின் விகிதம்), ஆர்.எஸ்.சி. (கால்சியம், மக்னீசியத்தைக் கழித்து மிஞ்சும் கார்பனேட், பைகார்பனேட்) இரண்டும்.

அறிக்கை வரும்வரை ஒரு டம்ளர் சோதனை

வயலில் காய்ந்த, பட்டாணி அளவு மண்கட்டி நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீரோ, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ ஊற்றி, ஒரு கட்டியை மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்கக் கூடாது, டம்ளரை ஆட்டவும் கூடாது. கட்டி உடைந்து சரிந்தாலும் சுற்றியுள்ள தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. இரண்டு மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி மங்கலான வளையம் பரவினால் அது களர். சோடியம் ஏறிய களித்துகள் ஒன்றை ஒன்று தள்ளிப் பிரிந்து நிற்கிறது என்று அர்த்தம்.

இதே சோதனையைப் போர் தண்ணீரில் செய்தால் பெரும்பாலும் எல்லா மண்ணும் ‘பாஸ்’ ஆகிவிடும். உப்புத் தண்ணீர் களியைப் பிரிய விடாது. டெல்டாவில் அடிக்கடி குழப்பும் ஒரு விஷயத்துக்கும் இதுதான் விடை. குறுவை முழுக்கப் போர் தண்ணீரில் ஒழுங்காக இருந்த வயல், ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்ததும் கூழாகி, தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கிறது. கெடுத்தது மழை அல்ல. சோடியம் முன்பே உள்ளே உட்கார்ந்திருந்தது; உப்பு அதை மறைத்துவைத்திருந்தது; மழை அந்த உப்பைக் கழுவியதும் களரின் முகம் வெளியே தெரிகிறது.

வீட்டில் வேறு அடையாளங்களும் உண்டு. சோப்பு நுரைக்கவே இல்லையென்றால் கால்சியம், மக்னீசியம் அதிகம். சோப்பு நன்றாக நுரைத்து, எவ்வளவு கழுவினாலும் கையில் வழுவழுப்பு போகவில்லை, உலை வைத்தால் சோறு மஞ்சளாகிறது என்றால் சோடியம் பைகார்பனேட் தண்ணீர். வாய்க்கு ‘சப்பென்று’ இருப்பதால் நல்ல தண்ணீர் என்று நம்பி ஏமாறுவது இந்தத் தண்ணீரிடம்தான். கரிப்புத் தண்ணீரை யாரும் நம்புவதில்லை, அதனால் அது செய்யும் கெடுதல் ஒருவகையில் குறைவு.

எண்களைப் படிப்பது

தண்ணீரின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 0.7 டெசிசைமனுக்குக் கீழ் இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை பார்த்துப் பயன்படுத்த வேண்டும். 3-க்கு மேல் தனியாகப் பாய்ச்சக் கூடாது. ஆர்.எஸ்.சி. லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலன்டுக்குள் (அறிக்கையில் meq என்று வரும் அலகு) நல்லது, 2.5 வரை சுமார், அதற்கு மேல் மண்ணைக் களராக்கும். எஸ்.ஏ.ஆர். 10-க்குள் இருக்க வேண்டும்.

மண்ணின் கார அமில நிலை 8.5-க்கு மேல், ஒட்டிய சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் என்றால் களர். கார அமில நிலை 8.5-க்குள் இருந்து மின்கடத்துத்திறன் மட்டும் கூடுதல் என்றால் உவர். ஒட்டிய சோடியம், மின்கடத்துத்திறன் இரண்டுமே கூடுதல் என்றால் களர்-உவர். மண் அறிக்கையில் வரும் மின்கடத்துத்திறன் மண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தது. அதில் 1-க்குள் நல்லது, 1 முதல் 3 வரை முளைப்பும் இளம் பயிரும் அடிபடும், 3-க்கு மேல் நெல்லே திணறும். தண்ணீரின் எண்ணையும் மண்ணின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘மண்ணில் குறைவாகத்தானே இருக்கிறது’ என்று ஒப்பிட வேண்டாம். அளக்கும் முறையே வேறு.

கையில் டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. விலை குறைந்த மீட்டர்கள் பெரும்பாலும் மின்கடத்துத்திறனைப் பாதியாக்கித்தான் காட்டும்: 1 டெசிசைமன் தண்ணீர் 500 என்று வரும். ஆய்வகக் கணக்கில் அதே தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம். மீட்டரும் அறிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று யாரையும் திட்ட வேண்டாம். மீட்டரில் மின்கடத்துத்திறன் காட்டும் பொத்தான் இருந்தால் அதையே பாருங்கள்.

எத்தனை மூட்டை உப்பு போடுகிறீர்கள்?

ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. தண்ணீர் நின்றால் அது 40.5 கன மீட்டர், அதாவது சுமார் 40,500 லிட்டர். மோட்டார் விடும் அளவைத் தெரிந்துகொள்ள 200 லிட்டர் டிரம் நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 20 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 36 கன மீட்டர். ஏக்கருக்கு ஒரு செ.மீ. கட்ட ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும்.

மின்கடத்துத்திறன் 2 உள்ள போர் தண்ணீரை ஒரு பட்டத்தில் மொத்தம் 60 செ.மீ. பாய்ச்சினால், 2,428 கன மீட்டர், லிட்டருக்கு 1,280 மில்லிகிராம் வீதம், வயலில் இறங்கும் உப்பு 3,100 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் 62 மூட்டை. பயிர் தண்ணீரைக் குடிக்கும், வெயில் தண்ணீரைக் குடிக்கும், உப்பை இரண்டுமே தொடாது. வடிகால் அதை எடுத்துப்போகாவிட்டால் அடுத்த பட்டத்துக்கு இன்னொரு 62 மூட்டை.

சரிசெய்வது: வடிகாலுக்குப் பிறகுதான் ஜிப்சம்

‘ஜிப்சம் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்ற புகாரில் பெரும்பாலும் குற்றவாளி ஜிப்சம் அல்ல. ஜிப்சத்தின் கால்சியம் களிமண்ணில் ஒட்டிய சோடியத்தைக் கழற்றிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. கழன்ற சோடியம் சல்பேட்டாகத் தண்ணீரில் நிற்கும். வெளியேற வழியில்லாவிட்டால், தண்ணீர் வற்றும்போது மறுபடி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். சோடியத்தைக் கழற்றக் காசு கொடுத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே உட்காரவைத்த கதை.

முதலில் வயல் ஓரம் இரண்டரை அடி ஆழ வடிகால் வெட்டி, அதன் அடிமட்டம் ஊர் வடிகாலின் மட்டத்தைவிட மேலே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டெல்டாவில் நிறைய வடிகால்கள் தூர்ந்து, வயலைவிட உயரமாகிவிட்டன. அப்படியானால் உங்கள் வயலை மட்டும் திருத்த முடியாது. ஊர் கூடி வடிகாலைத் தூர்வார வேண்டும், அதற்கு முன் ஜிப்சத்துக்குச் செலவழிக்காதீர்கள். கூடவே, இரண்டு அங்குல பி.வி.சி. குழாய் ஆறடி எடுத்துப் பக்கங்களில் துளை போட்டு, வலைத்துணி சுற்றி வயலில் நட்டு, மே மாதத்தில் உள்ளே தண்ணீர் மட்டம் பாருங்கள். ஐந்தடிக்குள் நிலத்தடி நீர் நின்று, அதுவும் உப்பாக இருந்தால், கோடை வெயிலில் அது மண்ணின் நுண்துளை வழியே ஏறி மேலே உப்பாகப் பூக்கும். அந்த வயலைத் தரிசாகப் போடுவது மோசமான முடிவு. அறுவடை முடிந்த ஈரத்திலேயே ஒரு கோடை உழவு போட்டால் நுண்துளைகள் அறுந்து ஏற்றம் குறையும்.

வடிகால் சரி என்றால் வேலை இந்த வரிசையில்:

1. வயலை 25, 30 சென்ட் பாத்திகளாகப் பிரித்துச் சமன் செய்து, ஒரு அடி உயர வரப்பு போடுங்கள். மேடு பள்ளம் இருந்தால் மேட்டில் உப்பு நிற்கும். அடுத்த வருடம் திட்டு விழுவது அங்கேதான்.

2. ஜிப்சம் அளவு ஆய்வகம் தரும் ‘ஜிப்சம் தேவை’யிலிருந்து வர வேண்டும், பக்கத்து வயல்காரர் போட்ட அளவிலிருந்து அல்ல. நெல்லுக்கு அந்தத் தேவையில் பாதி போதும். நெல்லின் வேரும் தேங்கிய தண்ணீரும் மீதி வேலையைச் செய்யும். அறிக்கை ஹெக்டேருக்கு 10 டன் என்றால், பாதி 5 டன், ஏக்கருக்கு 2 டன், அதாவது 40 மூட்டை. அறிக்கையில் உள்ள அளவு தூய ஜிப்சத்துக்கா என்று கேளுங்கள். மூட்டையில் 70 சதவீதத் தரம் என்று போட்டிருந்தால் 2 டன்னை 0.7-ஆல் வகுக்க வேண்டும்.

3. தூவி, மேல் நான்கு அங்குலத்துக்குள் கலக்கும்படி மட்டும் உழுங்கள். ஆழமாக உழுதால் ஜிப்சம் நீர்த்துப்போகும்.

4. நல்ல தண்ணீரை, ஆற்றுத் தண்ணீரோ மழையோ, நான்கு அங்குலம் கட்டி ஒரு வாரம் முதல் பத்து நாள் நிறுத்துங்கள். கீழே இறங்கியது போக மீதியை வடிகாலில் வடியுங்கள். மூன்று முறை செய்ய வேண்டும். வடியும் தண்ணீரில் மீட்டரை வைத்துப் பாருங்கள்: முதல் வடிப்பில் எண் உயர்ந்து, மூன்றாவதில் உள்ளே விட்ட தண்ணீரின் எண்ணை நெருங்கினால் வேலை முடிந்தது. முதல் வடிப்பிலேயே எண் உயரவில்லை என்றால் ஜிப்சம் கரையவில்லை, அல்லது தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே வழிந்துபோகிறது.

5. வடிக்கும் தண்ணீர் வடிகாலுக்குத்தான் போக வேண்டும். டெல்டாவில் வயலிலிருந்து வயலுக்குப் பாயும் பழக்கத்தில், மடையைத் திறந்தால் உங்கள் உப்பு கீழ்மடைக்காரருடைய நாற்றுக்குப் போய்ச் சேரும். சண்டை வருவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

6. பிறகு பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு 20 கிலோ விதை. பூக்கத் தொடங்கும் 45-ஆம் நாள் வாக்கில் மடக்கி உழுங்கள். தள்ளிப்போட்டால் தண்டு கட்டையாகி, மக்காமல் நடவுக்கு இடைஞ்சல் ஆகும். மக்கும்போது வரும் கரியமில வாயு, மண்ணிலேயே கிடக்கும் சுண்ணாம்பைக் கரைத்து இலவசமாகக் கால்சியம் தரும்.

நடவில் திருச்சி நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியின் டி.ஆர்.ஒய். வரிசை ரகங்கள் களர் தாங்குபவை, டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 இரண்டும் கிடைக்கும். நாற்று கொஞ்சம் முதிர்ந்ததாக, குத்துக்கு நாலைந்து வைத்து, நெருக்கி நடுங்கள். தழைச்சத்து வழக்கத்தைவிடக் கால் பங்கு கூடுதலாகத் தேவைப்படும், ஏனென்றால் கார மண்ணில் அம்மோனியா ஆவியாகப் பறந்துவிடும். ஜிங்க் சல்பேட் மற்ற வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ என்றால் இங்கே 15 கிலோ. 20 கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன் மேலாகத் தூவ வேண்டும். டி.ஏ.பி.யோடு கலந்து போட்டால் இரண்டும் சேர்ந்து கரையாத பொருளாகி இரண்டுமே வீண்.

உவர் மட்டும் இருக்கிற மண்ணுக்கு ஜிப்சம் தேவையில்லை. தண்ணீர் கட்டி வடிப்பது போதும். ஒரு அடி நல்ல தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால், அந்த ஒரு அடி மண்ணின் உப்பில் பெரும்பகுதியைக் கீழே தள்ளிவிடும். ஆனால் களர்-உவர் மண்ணை ஜிப்சம் இல்லாமல் கழுவினால், உப்பு போய்ச் சோடியம் தனியாக மிஞ்சி மண் அடைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீரே இறங்காது.

தண்ணீரே களர் என்றால்

மண்ணைத் திருத்திவிட்டு, அதே ஆர்.எஸ்.சி. தண்ணீரை மறுபடி பாய்ச்சினால் மூன்று வருடத்தில் பழைய இடம்தான். தண்ணீருக்கும் கணக்குப் போட வேண்டும். ஒரு மில்லி ஈக்விவலன்டை நடுநிலையாக்க 1,000 கன மீட்டருக்கு 86 கிலோ ஜிப்சம். ஆர்.எஸ்.சி. 4 உள்ள தண்ணீரை 2.5-க்கு இறக்க, பட்டத்துக்கு 2,428 கன மீட்டர் பாய்ச்சுபவருக்கு 1.5 × 86 × 2.428 = 313 கிலோ. தரம் 70 சதவீதம் என்றால் 447 கிலோ, ஒன்பது மூட்டை.

இதை வயலில் தூவலாம், அல்லது மோட்டார் தண்ணீர் விழும் தொட்டியில் கம்பி வலை மேல் ஜிப்சம் கட்டிகளை அடுக்கி, தண்ணீர் அதன் வழியே ஏறி வருமாறு செய்யலாம். அப்படிச் செல்லும் தண்ணீர் லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி ஈக்விவலன்ட் கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். தூள் ஜிப்சத்தைச் சாக்கோடு தொட்டியில் போட்டால் பாறை மாதிரி இறுகிவிடும், தண்ணீர் சுற்றிக்கொண்டு போகும்.

ஆற்றுத் தண்ணீரும் போரும் இரண்டும் உள்ளவர்கள் நல்ல தண்ணீரை எப்போது செலவழிப்பது என்று யோசிக்க வேண்டும். நெல் உப்புக்கு மிகவும் பயப்படுவது இளம் நாற்றாக இருக்கும்போதும் பூக்கும்போதும். நாற்றங்கால், நட்ட மூன்று வாரம், பூப்பு ஆகியவற்றுக்கு ஆற்றுத் தண்ணீர். நடுவில் தூர் கட்டும் காலத்தில் போர். கலந்து பாய்ச்சுவதைவிட இப்படி மாற்றி மாற்றிப் பாய்ச்சுவது மேல். சம்பாவுக்குப் பின் தரிசில் விதைக்கும் உளுந்தும் பயறும் உப்பு தாங்காதவை. ஈரம் குறைகிறதே என்று போர் தண்ணீரை ஒரு முறை விட்டால், விடாமல் இருந்தால் கிடைப்பதும் கிடைக்காது.

கடலோரத்தில்

வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கம் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. அதன் கணக்கு கொடுமையானது: மேல்மட்டத்தை ஒரு அடி இறைத்து இறக்கினால், அடியில் உள்ள உப்பு மட்டம் காலப்போக்கில் 40 அடி வரை ஏற இடம் உண்டு. உங்கள் போரில் இது நடக்கிறதா என்று பார்க்க, மோட்டார் போட்டுப் பத்தாவது நிமிடம் மீட்டர் எண்ணைக் குறியுங்கள். பிறகு அரை மணிக்கு ஒரு முறை, மூன்று மணி நேரம். எண் அசையவில்லை என்றால் சரி. ஏறிக்கொண்டே போனால், எந்த நேரத்தில் ஏறத் தொடங்கியதோ அதுதான் அந்தப் போரின் எல்லை. அதற்கு முன் நிறுத்தி ஓய்வு கொடுங்கள். ஆழப் போடுவது இங்கே தீர்வு அல்ல, உப்புக்கு வாசல் திறப்பது. ஒரே பெரிய மோட்டாருக்குப் பதில் தள்ளித் தள்ளி ஆழம் குறைந்த இரண்டு மூன்று பில்டர் பாயிண்ட் (மணலில் இறக்கும் வடிகட்டிக் குழாய்) போட்டு மெதுவாக இறைப்பதே பொருந்தும்.

பக்கத்தில் இறால் பண்ணை இருந்தால், பண்ணைக் கரையிலிருந்து 10, 50, 100 மீட்டர் தூரத்தில் மண்ணும் தண்ணீரும் எடுத்து வரிசையாகப் பாருங்கள். தூரம் கூடக் கூட எண் படிப்படியாகக் குறைந்தால் கசிவு பண்ணையிலிருந்து. மூன்றும் ஒன்றாக இருந்தால் காரணம் வேறு, பண்ணைக்காரரிடம் சண்டை வேண்டாம். கசிவு உறுதியானால் இடையில் நான்கடி ஆழ வடிகால் வெட்டி உப்பை மறித்து வடிகாலில் விட வேண்டும். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், விவசாய நிலத்தை இறால் குளமாக மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. இப்போது பண்ணைகள் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். மேலே எடுத்த எண்களோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போனால் பேச்சு எடுபடும்.

2004 சுனாமியிலும் 2018 நவம்பர் கஜா புயலிலும் நடந்தது போலக் கடல்நீர் வயலுக்குள் ஏறினால், வரப்பை வெட்டி அன்றே வடியுங்கள். காய்ந்து உப்பும் சேறும் படிந்துவிட்டால் அந்தப் படலத்தைச் சுரண்டி வெளியே கொட்டுங்கள். அதோடு சேர்த்து உழுவது, மேலே கிடந்த உப்பை வேருக்குப் பரிமாறுவது போல.

திரும்பும் பாதை: வயலிலிருந்து குடிநீருக்கு

இதுவரை சொன்னது தண்ணீர் மண்ணைக் கெடுப்பது. எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, சுவையிலும் தெரியாது. 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து. அதில் பத்தில் ஒரு பங்கு நைட்ரேட்டாகக் கீழே இறங்கினால் 9 கிலோ நைட்ரேட். அது 2 லட்சம் லிட்டர் தண்ணீரைக் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குக் கொண்டுபோய் நிறுத்தும்.

தண்ணீர் நிற்கும் களிமண் வயலில் இது குறைவு. காற்றில்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்துக் காற்றுக்கு அனுப்பிவிடும். ஆபத்து மணல் மண்ணில்: கொள்ளிடம் படுகை, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண், கடலோரத்து மணல் மேடு. இன்னொரு ஆபத்து, வயல் வெடிக்கக் காய்ந்து பிறகு திடீரென்று தண்ணீர் கட்டும்போது. காய்ச்சலில் உருவான நைட்ரேட் வெடிப்பு வழியாக நேரே கீழே போகும். அதனால் மேலுரம் போடும் நாளில் தண்ணீரை வடித்துச் சேறு மட்டும் வைத்து, உரத்தைத் தூவி, இரண்டு நாள் கழித்துக் கட்டுங்கள். மழை அறிவிப்பு இருந்தால் தள்ளிவையுங்கள். ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று நான்காகப் பிரியுங்கள். இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டை வைத்துப் பார்த்தால் ஒரு தடவை மிச்சமாவதும் உண்டு. மருந்து அடித்தாலோ உரம் போட்டாலோ மூன்று நாளாவது மடை அடைபட்டிருக்க வேண்டும். ஸ்பிரேயரைக் குளத்தில் கழுவாமல், டப்பாவை மூன்று முறை அலசி அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி வயலுக்கே அடித்துவிடுங்கள்.

அடிபம்புக்கும் எருக்குழிக்கும், கழிவறைக் குழிக்கும் குறைந்தது 15 மீட்டர் தூரம் வேண்டும். மணல் மண்ணில் இன்னும் கூடுதல். குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கும் வீடுகள் வருடம் ஒரு முறையாவது நைட்ரேட் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் இருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டுவதால் இன்னும் செறிவாகும். வரம்பைத் தாண்டியிருந்தால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம்.

வண்டல், முதல் தண்ணீர், எண்ணெய்

குளத்து வண்டல் நல்ல உரம்தான், ஆனால் குளத்தில் என்ன விழுந்ததோ அதெல்லாம் வண்டலில்தான் தங்கும். உலோகங்கள் களித்துகளில் ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் இருக்கும். ஊர்ச் சாக்கடையோ தொழிற்சாலைக் கழிவோ சேரும் குளம் என்றால், வண்டி கட்டுவதற்கு முன் ஒரு மாதிரி கொடுத்து ஈயம், குரோமியம், காட்மியம் பாருங்கள். மேலே நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகி, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதுவரை போனது. அந்த நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில்தான் சேர்கிறது. ஆறு நிறைய ஓடும்போது எல்லாம் நீர்த்துப்போகும். ஆற்றுத் தண்ணீரைச் சோதிப்பதானால் ஓட்டம் குறைந்த நாளில் சோதிக்க வேண்டும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் வரும் முதல் தண்ணீர், மாதக்கணக்கில் சேர்ந்த குப்பையையும் நகரச் சாக்கடையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். நாற்றங்காலுக்கு அதை விடாதீர்கள். ஒரு நாள் போகட்டும்.

குழாய் உடைந்து எண்ணெய் வயலுக்கு வந்தால் (2017-இல் கதிராமங்கலத்தில் நடந்தது போல) முதல் வேலை மடைகளை அடைப்பது. தண்ணீரை வடிக்கக் கூடாது. எண்ணெய் மேலே மிதக்கும், வடித்தால் வடிகால் முழுக்கப் பரவும். வைக்கோலைப் பரப்பி உறிஞ்சவிட்டு வாரி எடுங்கள், தீ பக்கத்தில் வரவே கூடாது. உழக் கூடாது. தாசில்தாருக்குச் சொல்லி, படம் எடுத்து, கசிவு பட்ட மண்ணையும் படாத மண்ணையும் தனித்தனிப் பையில் சீல் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். நஷ்டஈடு பேசும்போது அந்தப் படாத மண் பைதான் கேட்பார்கள், பெரும்பாலானவர்கள் அதை எடுத்து வைத்திருப்பதில்லை.